ஆன்டெனா விஞ்ஞானி என்னதான் செய்கிறார்?

2023 ஜூலையில் வாயேஜர் 2 விண்கலத்துக்கு அனுப்பிய கட்டளைகளில் ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த விண்கலம், தன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 டிகிரி தள்ளித் திருப்பிக்கொண்டது. 2 டிகிரி பெரிய விலகல் ஒன்றும் இல்லை. கையை முழுசாக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடித்தால் கண்ணுக்கு அந்த விரல் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அதற்கே பேச்சு நின்றுபோனது. ஏறக்குறைய 2,000 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த கலத்தைத் திருப்பிக் கூப்பிட, ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்குப் பக்கத்தில் இருக்கும் 70 மீட்டர் டிஷ்ஷிலிருந்து உச்சபட்ச சக்தியில் ஒரு கட்டளை அனுப்பினார்கள். அது போய்ச் சேர 18 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 18 மணி நேரத்துக்கு மேல். 37 மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, வாயேஜர் மறுபடி பேச ஆரம்பித்தது.

வெறும் 2 டிகிரிக்கு ஏன் தொடர்பு அறுந்தது? சரி, அறுந்ததுதான் அறுந்தது, அப்புறம் அந்தக் கூப்பாடு மட்டும் எப்படி அதன் காதில் விழுந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியவர்தான் ஆன்டெனா விஞ்ஞானி. அப்படி ஒரு வேலை தனியாக இருப்பதே பலருக்குத் தெரியாது. செயற்கைக்கோள் என்றால் ராக்கெட் ஞாபகம் வரும், செல்போன் என்றால் சிப் ஞாபகம் வரும், நடுவில் இருக்கிற அந்த உலோகத் துண்டை யாரோ உட்கார்ந்து வருஷக்கணக்கில் யோசித்திருப்பார்கள் என்று தோன்றாது.

முதலில் ஆன்டெனா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், அது தெரியாமல் வேலையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு கம்பியில் எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் வேகமாக ஆட்டினால், அந்த ஆட்டம் கம்பியோடு நிற்காது. மின்காந்த அலையாகக் கிளம்பிவிடும். அந்த அலை தொலைவில் உள்ள இன்னொரு கம்பியைத் தொடும்போது அங்கே இருக்கும் எலக்ட்ரான்களும் அதே தாளத்தில் லேசாக ஆடும். அவ்வளவுதான் வானொலியின் மொத்த ரகசியம். இப்படி நடக்கும் என்று 1860-களில் மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு உலோகக் கம்பிகளையும் ஒரு வளையத்தையும் வைத்து நிரூபித்தார். அந்த வளையத்தின் இடைவெளியில் ஒரு குட்டித் தீப்பொறி எழுந்தது. அதுதான் மனிதன் கையால் செய்த முதல் ரேடியோ ஆன்டெனா ஜோடி. பத்தாண்டு போவதற்குள் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஹார்ன் ஆன்டெனா என்று நாம் சொல்லும் புனல் வடிவத்தையே பயன்படுத்திப் பார்த்துவிட்டார். உலகம் அந்த அதிர்வெண்களுக்குத் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம்.

ஆன்டெனாவின் அளவு எதைப் பொறுத்தது? அலைநீளத்தை. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் லேசான கைக்கே உயரமாகப் போகும், தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளினாலும் வீண். கம்பியும் அப்படித்தான், அலைநீளத்தில் பாதியளவு இருந்தால் எலக்ட்ரான்களின் ஆட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாகப் போய்த் திரும்புவது சரியான தாளத்தில் அமைந்துவிடும். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் வானொலிக்கு 3 மீட்டர், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 சென்டிமீட்டர், டிடிஎச் டிஷ் வாங்குகிற 12 கிகாஹெர்ட்ஸுக்கு 2.5 சென்டிமீட்டர். 1957-ல் போன ஸ்புட்னிக் 1 வெறும் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து. ஆனால் அதிலிருந்து 2 மீட்டருக்கும் மேல் நீளமான நான்கு கம்பிகள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அது பேசியது 20, 40 மெகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமே 15 மீட்டர், அதனால் உடம்பைவிட மீசை பெரிதாக இருந்தே தீர வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆன்டெனா எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. "இந்த ஆன்டெனாவுக்கு 40 டெசிபல் கெய்ன்" என்று விளம்பரத்தில் பார்க்கிறவர்கள் அது ஏதோ ஆம்ப்ளிஃபயர் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வாயைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக் கத்துகிறோமே, தொண்டையின் பலம் கூடிவிடவா செய்கிறது? எல்லாப் பக்கமும் சிதறியிருக்க வேண்டிய சத்தத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறோம், அவ்வளவுதான். அதே கையைக் காதுக்குப் பின்னால் குவித்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. அனுப்புவதற்கு நல்ல வடிவம் எதுவோ வாங்குவதற்கும் அதே வடிவம்தான் நல்லது. இதை நிரூபிக்கும் தேற்றம் ஒன்றும் இருக்கிறது, இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை யோசிக்காமலேயே அதைப் பயன்படுத்துவார்கள்.

கெய்னை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. வாயேஜரின் டிஷ் 3.7 மீட்டர் அகலம், அதன் டிரான்ஸ்மிட்டர் சுமார் 23 வாட், சாதாரண எல்இடி பல்புகள் இரண்டு மூன்று எரிகிற அளவுதான். ஆனால் அந்த டிஷ்ஷின் கெய்ன் 8.4 கிகாஹெர்ட்ஸில் 48 டெசிபல், அதாவது அறுபதாயிரம் மடங்குக்கும் மேல். பூமியின் பக்கம் மட்டும் பார்த்தால் 10 லட்சம் வாட்டுக்கு மேல் எல்லாத் திசையிலும் கத்துகிற ஒரு டிரான்ஸ்மிட்டர் போலத் தெரியும். இதற்கு விலை உண்டு. அவ்வளவையும் ஒரு பக்கமாகக் குவிக்க வேண்டும் என்றால், டார்ச் ஒளி மாதிரி குவிந்து போகும் அந்த அலைக் கற்றை மெலிந்துபோகும். வாயேஜரின் கற்றை அகலம் அரை டிகிரி. 2 டிகிரி திரும்பினால் பூமி அதற்கு வெளியே போய்விடும். முதல் கேள்விக்குப் பதில் அதுதான்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியம். வாயேஜர் பேசுவது 8.4 கிகாஹெர்ட்ஸில், ஆனால் பூமியிலிருந்து கட்டளை போவது 2.1 கிகாஹெர்ட்ஸில். டிஷ் அதேதான், அலைநீளம் மட்டும் நான்கு மடங்கு. அலைநீளம் கூடினால் கற்றையும் அதே அளவுக்கு அகலமாகும். ஆகவே கேட்பதற்கு அது திறந்து வைத்திருக்கும் காது, பேசும் வாயைவிட நான்கு மடங்கு அகலம், 2 டிகிரியில்கூட அந்தக் காதின் ஓரத்தில் கொஞ்சம் விழும். ஓரத்தில் விழுவது போதவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டு. கான்பெராவில் செய்தது இதைத்தான். 1977-ல் கிளம்பிய ஒரு டிஷ்ஷை வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் போட்டு வைத்த கணக்கு 46 வருஷம் கழித்தும் செல்லுபடியானது.

இதிலிருந்து வேலையின் சுபாவம் கொஞ்சம் புரியும். ஆன்டெனா விஞ்ஞானியின் பிழைப்பு பாதி கணக்கு, பாதி பேரம். இயற்கையோடு ஒரு பேரம், கூட வேலை செய்கிறவர்களோடு இன்னொரு பேரம்.

இயற்கையோடு நடக்கும் பேரத்தில் சலுகையே கிடையாது. கெய்ன் வேண்டுமா, அகலத்தைக் கொடு. சின்னதாக வேண்டுமா, பட்டை அகலத்தைக் கொடு, அதாவது ஒரே ஆன்டெனா எத்தனை அதிர்வெண்களில் நன்றாக வேலை செய்யும் என்பதை விட்டுக்கொடு. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்னதாக இருக்கும் ஆன்டெனாவுக்கு ஒரு அடிப்படை எல்லை உண்டு, அதை வீலர், சூ என்ற இருவர் 1940-களின் இறுதியில் கணக்கிட்டுச் சொன்னார்கள், இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. "எங்கள் புது ஆன்டெனா பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் எல்லா அதிர்வெண்ணிலும் அதே திறன்" என்று யாராவது அறிவித்தால் அனுபவசாலிகள் முதலில் இந்த எல்லையை எடுத்து வைத்துச் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சக மனிதர்களோடு நடக்கும் பேரம் இன்னும் நீளமானது. ஒரு செயற்கைக்கோள் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அதிர்வெண், பூமியின் எந்தப் பரப்பில் எவ்வளவு சக்தி விழ வேண்டும், எவ்வளவு எடை வரை போகலாம் என்று ஒரு தாள் வரும். ஆன்டெனாக்காரர் 3 மீட்டர் டிஷ் கேட்பார். ராக்கெட்டின் மூக்குக்குள் அது அடங்காது என்பார் கட்டமைப்புப் பொறியாளர். மடக்கி வைத்து மேலே போய் விரிக்கலாம் என்றால், விரிக்கும் கீல் ஒவ்வொன்றும் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்று என்பார் இயந்திரவியல்காரர். வெயில் பக்கம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் நிழல் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் அதிகமாகவும் போகுமே, அந்த வித்தியாசத்தில் உன் டிஷ்ஷின் பரவளைய வளைவு நெளியாதா என்பார் வெப்பப் பிரிவுக்காரர். அந்தக் கேள்வி சும்மா இல்லை. டிஷ்ஷின் பரப்பு சராசரியாக அலைநீளத்தில் 16-ல் ஒரு பங்கு மேடுபள்ளமாக இருந்தாலே கெய்ன் ஏறக்குறையப் பாதியாகிவிடும், இதற்கு ரூஸ் சூத்திரம் என்று பெயர். 12 கிகாஹெர்ட்ஸில் அந்த 16-ல் ஒரு பங்கு வெறும் ஒன்றரை மில்லிமீட்டர். அதனால்தான் விண்வெளிக்குப் போகும் டிஷ்கள் பெரும்பாலும் கார்பன் இழையில் செய்யப்படுகின்றன, வெப்பத்துக்கு அது அவ்வளவாக விரிவதில்லை.

கீல் சிக்கும் பயமும் வெறும் கற்பனை இல்லை. வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் 4.8 மீட்டர் ஆன்டெனா குடை மாதிரி மடங்கியிருந்தது. 1989-ல் ஏவி, 1991 ஏப்ரலில் விரிக்கப் பார்த்தார்கள், சில கம்பிகள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டு விரியவே இல்லை. சாலஞ்சர் விண்வெளி ஓட விபத்துக்குப் பிறகு பயணம் தள்ளிப்போனதில் விண்கலம் லாரியில் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போய் வந்தது, அந்தக் குலுக்கலில் உராய்வு தடுக்கும் பூச்சு தேய்ந்திருக்க வேண்டும் என்று பிறகு முடிவுக்கு வந்தார்கள். விநாடிக்கு 134,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், கையடக்கமான இன்னொரு ஆன்டெனாவை வைத்து நூறு சொச்சம் பிட்டில் காலம் தள்ள வேண்டியதாயிற்று. தரவைச் சுருக்கும் மென்பொருளைப் பறக்கும் கலத்துக்கே அனுப்பி, பூமியில் பல டிஷ்களை ஒன்றுசேர்த்துக் கேட்டு, அறிவியல் இலக்குகளில் 70 சதவீதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கதை இது. சூத்திரம் எல்லாம் சரியாக இருந்தது, லாரி குலுங்கியது சூத்திரத்தில் இல்லை.

அன்றாட வேலை எப்படி இருக்கும்?

பெரும்பாலான நாட்கள் கணினி முன்னால்தான். ஆன்டெனாவின் வடிவத்தை வரைந்து, அதையும் சுற்றியுள்ள இடத்தையும் லட்சக்கணக்கான குட்டித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கும். இதுதான் சிமுலேஷன். முடிவு வரும், ஒரு மூலையை 2 மில்லிமீட்டர் நகர்த்துவார், மறுபடி ஓட்டுவார், மறுபடி காத்திருப்பார். இந்த நகர்த்தும் வேலையையும் கணினியிடமே விட்டுவிட முடியாதா என்று தோன்றும், முடியும். 2006-ல் நாசா ஏவிய எஸ்டி5 என்ற மூன்று குட்டிச் செயற்கைக்கோள்களில் இருந்த ஒரு ஆன்டெனாவின் வடிவத்தை, தலைமுறை தலைமுறையாகச் சிறந்ததைத் தேர்ந்து கலக்கும் பரிணாம நிரல் ஒன்றுதான் உருவாக்கியது. பார்ப்பதற்கு யாரோ கோபத்தில் வளைத்து எறிந்த பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும், எந்த மனிதனும் அப்படி வரைந்திருக்க மாட்டான். ஆனால் எது "சிறந்தது" என்று அந்த நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தது மனிதர்கள்தான், அந்தப் பகுதிதான் கஷ்டமானதும்.

சிமுலேஷன் முடிந்ததும் மாதிரி ஒன்று செய்து, அளந்து பார்க்க வேண்டும். அளக்கும் அறையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், சுவர், கூரை, தரை எங்கும் கூம்பு கூம்பாகக் கருப்பு அல்லது நீல நிறப் பஞ்சுக் கட்டிகள். கார்பன் ஏற்றிய அந்தக் கூம்புகள் அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும், அதனால் எல்லையில்லாத வெட்டவெளியில் நிற்பது போல ஆன்டெனா நினைத்துக்கொள்ளும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஆன்டெனாவின் உண்மையான கற்றை வடிவம் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது, கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். எவ்வளவு தள்ளி என்றால், அகலத்தின் வர்க்கத்தை இரட்டிப்பாக்கி அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 12 கிகாஹெர்ட்ஸில் 3 மீட்டர் டிஷ்ஷுக்குக் கணக்குப் போட்டால் 720 மீட்டர் வருகிறது. 720 மீட்டர் நீள அறையை யார் கட்டுவது? அதனால் ஒரு சின்ன ஆய்வுமுனையை டிஷ்ஷுக்கு முன்னால் சில அலைநீளத் தூரத்தில் வைத்து, ஓவியன் தூரிகையால் துணியை நிரப்புவது போல வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் அலையின் வலிமையையும் கட்டத்தையும் (அதாவது அந்த நொடியில் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதையும்) குறித்துக்கொண்டு, ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் தொலைவில் எப்படித் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். முதன்முறை இதைப் படித்தபோது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் நின்று தொலைவைப் பார்க்கிற வித்தை. கணிதம் அதை அனுமதிக்கிறது.

அளந்ததும் சிமுலேஷனும் பொருந்தாது. ஏறக்குறைய எப்போதும் பொருந்தாது. கேபிள் சரியாக முறுக்கப்படவில்லையா, பசையின் மின்பண்பு கணக்கில் சேரவில்லையா, பிடித்து நிறுத்தியிருக்கும் தாங்கியே பிரதிபலிக்கிறதா, அல்லது கணக்கே தப்பா? எது என்று கண்டுபிடிக்கும் பொறுமைதான் இந்தத் தொழிலில் அனுபவம் என்று சொல்லப்படுகிறது. புதிதாக வருகிறவர் அளவீட்டைச் சந்தேகிப்பார், கொஞ்சம் பழகியவர் சிமுலேஷனைச் சந்தேகிப்பார், ஊறிப்போனவர் முதலில் கனெக்டரைச் சந்தேகிப்பார்.

விண்வெளிக்குப் போகும் ஆன்டெனா என்றால் இன்னும் சில பேய்கள் கூட வரும். அதிக சக்தியில், வெற்றிடத்தில், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எலக்ட்ரான்கள் அலையின் தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் மோதிப் பெருகி, பரப்பையே அரித்துவிடக்கூடும். தளர்ந்த போல்ட் ஒன்றோ துருப்பிடித்த மூட்டு ஒன்றோ இரண்டு அதிர்வெண்களைக் கலந்து மூன்றாவது ஒன்றைப் பிறப்பிக்கும், அது நேராகப் போய் நம் ரிசீவரின் காதிலேயே விழும். பூமியில் என்றால் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்யலாம். ஆனால் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அந்த உயரம் இன்னொரு கணக்கையும் கொண்டுவருகிறது, லிங்க் பட்ஜெட். பெயருக்கு ஏற்ற மாதிரி குடும்பச் செலவுக் கணக்கு மாதிரிதான் அது. டிரான்ஸ்மிட்டர் சக்தியும் இரண்டு பக்க ஆன்டெனா கெய்னும் வரவு. தூரம், மழை, கேபிள், சரியாகத் திருப்பப்படாத டிஷ் எல்லாம் செலவு. 12 கிகாஹெர்ட்ஸில் புவிநிலைப் பாதையிலிருந்து வரும்போது தூரம் ஒன்று மட்டுமே 205 டெசிபலைச் சாப்பிட்டுவிடும், சாதாரண எண்ணில் எழுதினால் 3-க்குப் பின்னால் 20 சுழியம் போட்டு அதால் வகுக்க வேண்டும். கனமழையில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைவது இந்தப் பட்ஜெட்டில் மழைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோனதால்தான். வருஷத்தில் இரண்டு தடவை, பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று சில நிமிடம் எல்லாவற்றையும் இரைச்சலில் மூழ்கடிக்கும், அதற்குப் பட்ஜெட்டில் ஒன்றும் செய்ய முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வானத்தைக் கேட்கிறவர்கள்

இரைச்சல் என்று சொன்னதும் ரேடியோ வானியலுக்கு வராமல் இருக்க முடியாது. இதே படிப்பு, இதே கருவி, இதே அளவீடு, ஆனால் எதிர்ப்பக்கத்தில் பேசுவது மனிதன் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர் பெல் ஆய்வகத்தில் அட்லாண்டிக் தாண்டிய தொலைபேசிக்கு இடைஞ்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களை மாட்டி, ராட்டினம் போலச் சுற்றும் ஒரு பெரிய ஆன்டெனாவை 20.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டினார். இடி மின்னலைக் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிச்சம் இருந்தது. அது திரும்பத் திரும்ப வந்தது 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இல்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த 4 நிமிடம்தான் துப்பு. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாள் 24 மணி, விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் 23 மணி 56 நிமிடம். சத்தம் வந்தது நம் பால்வெளியின் நடுவிலிருந்து.

அதே பெல் ஆய்வகத்தில் 1964-ல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஹார்ன் ஆன்டெனாவில் இதே போலத் தீராத இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். மூட்டுகளை அலுமினிய டேப்பால் ஒட்டினார்கள், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி எச்சத்தைக் கழுவினார்கள், எந்தத் திசையில் திருப்பினாலும் அது போகவில்லை. கடைசியில் அது பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் என்று தெரிந்து, 1978-ல் நோபல் பரிசு வந்தது. ஆன்டெனாவின் ஒவ்வொரு இழப்பையும் அவ்வளவு கறாராக அளந்து வைத்திருந்ததால்தான் "இது நம் கருவியின் தப்பு இல்லை" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. வேறு யாராவது "ஏதோ கேபிள் பிரச்சினை" என்று விட்டிருப்பார்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் கட்டும் ஆன்டெனாக்களின் அழகே தனி. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்ட உருளை வடிவப் பரவளையம், 1970-ல் வேலை செய்ய ஆரம்பித்தது. அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதற்குத் தேடிப் பிடித்தது ஒரு மலைச்சரிவை. அந்தச் சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம், ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் தொடரலாம். நிலத்தையே ஆன்டெனாவின் ஒரு பாகமாக்கிய யோசனை.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போவது?

பொதுவாக இயற்பியல் அல்லது மின்னணு-தொடர்பியல் பட்டம், அப்புறம் மின்காந்தவியலோ மைக்ரோவேவோ முக்கியமாக இருக்கும் முதுகலை. வடிவமைப்பு வேலைக்கு அது போதும். புது வகை ஆன்டெனா, புதுக் கணக்கீட்டு முறை என்று ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்றால் முனைவர் பட்டம் இல்லாமல் கஷ்டம். வெக்டர் கால்குலஸ் என்றால் ஓடுகிறவர்களுக்கு முதல் இரண்டு வருஷம் கொடுமையாக இருக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புலம் என்பது கண்ணுக்குத் தெரியாதது, சமன்பாட்டிலிருந்து மனசுக்குள் ஒரு படமாக அது விரியும் வரை எல்லாமே மனப்பாடமாகத்தான் இருக்கும், ஒரு நாள் திடீரென்று விரியும். கூடவே நிரல் எழுதத் தெரிய வேண்டும், சிமுலேஷன் மென்பொருளின் பட்டன்களை அமுக்குவது மட்டும் பத்தாது.

சேர்ந்த புதிதில் பெரும்பாலும் அளவீடுதான் தருவார்கள், அல்லது பெரியவர் வடிவமைத்த ஒன்றின் ஒரு மூலையை மாற்றி மாற்றி ஓட்டும் வேலை. சலிப்பாக இருக்கும். ஆனால் அளவீட்டு அறையில் இரண்டு வருஷம் இருந்தவருக்கும் நேராக வடிவமைப்புக்குப் போனவருக்கும் வித்தியாசம் பின்னால் நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். பிறகு ஒரு ஆன்டெனா முழுக்கக் கையில் வரும், அதன் பிறகு ஒரு செயற்கைக்கோளின் மொத்தத் தகவல்தொடர்பு, அங்கிருந்து சிலர் நிர்வாகத்துக்குப் போவார்கள், சிலர் கடைசிவரை கம்பியோடும் கணக்கோடும் இருந்துவிடுவார்கள். விண்வெளி நிறுவனங்கள், செல்போன் தயாரிப்பாளர்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ரேடார், வானாய்வகங்கள் எல்லாம் இவர்களைத் தேடுகின்றன. கார்களில் வரும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்தின் சுருள்களுக்கும்கூட இதே ஆட்கள் வேண்டும். இப்போது எல்லோரும் பேசுவது அசையாமலே கற்றையைத் திருப்பும் வரிசை ஆன்டெனாக்களைப் பற்றி. நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாகக் கொடுத்தால் கற்றை தானாகவே பக்கவாட்டில் சாயும். தாழ்வாகப் பறந்து சில நிமிடங்களில் கடந்துபோகும் இணையச் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து பின்தொடர்வது இப்படித்தான்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறை வேலை என்றால் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டில்கூடச் சொல்ல முடியாது. விண்வெளி என்றால் வரைபடத்திலிருந்து சுற்றுப்பாதை வரை ஐந்து, பத்து வருஷம்கூட ஆகலாம், நடுவில் திட்டமே ரத்தாகலாம். பெயரும் எளிதில் நிற்காது. பழைய வீட்டுக் கூரைகளில் மீன் முள் மாதிரி நின்ற டிவி ஆன்டெனாவுக்கு உலகம் யாகி என்ற பேராசிரியரின் பெயரையே வைத்துவிட்டது. 1926-ல் அதில் பெரும்பகுதி உழைப்பைப் போட்ட ஷிண்டாரோ உடாவின் பெயர் அநேகமாகப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. இருவரின் சொந்த நாடான ஜப்பானே அந்த ஆன்டெனாவை முதலில் கண்டுகொள்ளவில்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படைக்குப் பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேடு ஒன்று கிடைத்தது, அதில் திரும்பத் திரும்ப வந்த "யாகி" என்ற சொல் அவர்களுக்குப் புரியவில்லை, அது தங்கள் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

படிப்பெல்லாம் அப்புறம், முதலில் கையால் ஒன்று செய்து பார்க்க ஆசை என்றால், 75 சென்டிமீட்டரில் இரண்டு செப்புக் கம்பிகள் போதும். நேர்க்கோட்டில் வைத்து, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அந்த இடத்தில் கேபிளின் உள்கம்பியை ஒன்றோடும் வெளிவலையை இன்னொன்றோடும் இணைத்தால் 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற அரை அலை டைபோல் தயார். வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய எஃப்எம் ரேடியோ ஒன்றில் செருகிக் கேளுங்கள். கேட்பதற்கு மட்டும்தான், எதையும் அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். தொலைவில் உள்ள பலவீனமான நிலையம் ஒன்றைப் பிடித்துவிட்டு, கம்பியைக் கிடையாக வைத்துக் கேளுங்கள், பிறகு நிமிர்த்திக் கேளுங்கள். ஒன்றில் தெளிவாகவும் மற்றதில் மங்கலாகவும் கேட்டால், அந்த நிலையம் தன் அலையை எந்தப் பக்கம் ஆட்டி அனுப்புகிறது என்பதை நீங்களே அளந்துவிட்டீர்கள், முனைவாக்கம் என்பது அதுதான். அப்புறம் கம்பியின் நுனியை விரலால் தொடுங்கள், நடுவில் தொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலியைக் கெடுக்காது.